இறங்காத கோடு

ஆராய்ச்சிக்கூடங்களுக்கு என்சைம் விற்பது என்பது, உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று விற்கிறவருக்கும் தெரியாத, வாங்குகிறவருக்கும் தெரியாத ஒரு பொருளைப் பயந்து பயந்து கொண்டுபோய்க் கொடுக்கிற தொழில். மீன் விற்கிறவர் செவுளைத் தூக்கிக் காட்டலாம். பால் விற்கிறவர் காய்ச்சிக் காட்டலாம். எங்கள் சரக்கு, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துளி. பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். கெட்டுப்போனாலும் அப்படியேதான் இருக்கும்.

எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்துவிட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் லேப் கெமிக்கல் விற்கும் ஒரு சின்ன ஏஜென்சியில் சேர்ந்தேன். விசிட்டிங் கார்டில் ‘விற்பனைப் பிரதிநிதி, வளர்மதி’ என்று போட்டிருக்கிறது. தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறவள் என்று போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும். சக விற்பனைப் பிரதிநிதிகளே, உங்களிலும் பல பேர் அப்படிப் போயிருப்பீர்கள். பெட்டியின் அடி ஈரமானால் எத்தனை தடவை மூடியைத் தூக்கிப் பார்ப்போம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாச் சரக்கையும் பற்றிப் புலம்ப இடம் போதாது. பாஸ்படேஸ் என்ற ஒரு என்சைமைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த ஒன்றே போதும்.

பெட்டியில் என்ன?

உயிரணுக்களுக்குள் இருக்கும் புரதங்கள் சிலவற்றின் மேல் பாஸ்பேட் என்ற ஒரு சின்ன ஒட்டு இருக்கும். அந்த ஒட்டைக் கழற்றுவதுதான் பாஸ்படேஸின் வேலை. இந்த என்சைமை உண்டாக்குகிற மரபணு இருப்பது ஒரு வைரஸில். அதை எடுத்து பாக்டீரியாவுக்குள் வைத்து, பாக்டீரியாவை வளர்த்து, என்சைமைப் பிரித்தெடுத்துக் குழாயில் அடைத்து அனுப்புகிறார்கள். இது ஒரு அழகான விஷயம் என்று எனக்கு அப்போது தோன்றியது. வேலைக்குச் சேர்ந்த புதிது.

சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, பெட்டியில் என்னம்மா என்று பாசமாகக் கேட்டார். எம்.எஸ்சி. படித்தவளிடம் யாராவது பாசமாகக் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். ‘வைரஸ்’ என்று சொல்லி முடிக்கவில்லை, அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். முன் சீட்டு காலி. பின் சீட்டு காலி. கொரோனா வந்துபோன ஊர் அல்லவா, யாரையும் குறை சொல்ல முடியாது. இது நோய் பரப்பாது, வைரஸே இதில் கிடையாது, அதிலிருந்து ஒரே ஒரு மரபணுதான் என்று நான் எழுந்து நின்று விளக்க விளக்க, பஸ்ஸின் முன்பாதியில் கூட்டம் அதிகமாகிக்கொண்டே போனது.

கண்டக்டர் நல்ல மனுஷன். கோபப்படவில்லை. ஆலப்பாக்கத்தில் விசில் அடித்து வண்டியை நிறுத்திவிட்டு, தள்ளி நின்றே சொன்னார்: “ஆளுக்கு டிக்கெட் இருக்கு, லக்கேஜுக்கு டிக்கெட் இருக்கு, வைரஸுக்கு எங்கிட்ட டிக்கெட் இல்லம்மா. எறங்கிக்க.”

ஐஸ்

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ‘இன்சுலின்’ என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சர்க்கரை இல்லாத குடும்பம் இந்தப் பக்கத்தில் எது? பெட்டியைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் சூடு இடம் கொடுக்கவில்லை. கம்பெனி ஐஸில் வைத்து அனுப்புகிற பார்சல் கடலூர் வந்து சேரும்போது பல நாள் வெறும் ஈர அட்டையாக இருக்கும். ட்ரை ஐஸ் என்கிற உலர்பனி கடலூரில் கிடைக்காது. எங்கள் முதலாளி ஞானசேகரன் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். மீன் ஐஸை உடைத்து அதில் கல்லுப்பைக் கலந்தால் குளிர் ஜாஸ்தியாகும். அதனால் டெலிவரி இருக்கிற அன்றெல்லாம் காலையில் தேவனாம்பட்டினம் போய் ஐஸ் வாங்குவது என் வேலையானது. படகு வந்து ஏலம் நடந்துகொண்டிருக்கும். கூடையோடு நிற்கிற பெண்களுக்கு நடுவில் நான் சுடிதாரும் ஐடி கார்டுமாக நிற்பேன்.

ஐஸ் உடைத்துக் கொடுக்கிற அக்கா ரொம்ப நாள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார். திறந்து காட்டினேன். ஐஸுக்கு நடுவில் அந்தக் குழாயைத் தேடிக் கண்டுபிடிக்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், மூடி வைத்தார், கையைத் துடைத்துக்கொண்டார். “இந்த ஒரு சொட்டுக்கா தெனம் இங்க வந்து நிக்கிற? மீனாச்சும் கெட்டுப்போனா கருவாடு ஆவும் கண்ணு.”

ஷமீமா

சிதம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். அங்கே ஷமீமா என்ற பெண் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். லால்பேட்டைக்காரி. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். கடல் ஓரத்து வயல்களில் உப்புத்தண்ணீர் ஏறினால் சில நெல் ரகங்கள் மட்டும் எப்படித் தாங்குகின்றன என்பது அவள் ஆராய்ச்சி. அறை முழுக்கத் தட்டுத்தட்டாக நாற்று. ஒரு தட்டுக்கு நல்ல தண்ணீர், ஒரு தட்டுக்கு உப்புத்தண்ணீர்.

அவளுடைய கைடு சொல்லியிருந்தது இதுதான். உப்பு பட்டதும் நெல்லில் ஒரு புரதத்தின் மேல் பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது, அதுதான் பயிரைக் காப்பாற்றுகிறது. ஜெல் என்கிற கூழ்த்தகட்டில் புரதத்தை ஓடவிட்டால் கனமானது மேலே தங்கும், லேசானது கீழே ஓடும். நல்ல தண்ணீர் நாற்றில் ஒரு கோடு. உப்புத்தண்ணீர் நாற்றில் அதற்கு மேலே இன்னொரு கோடு. மேல் கோடு பாஸ்பேட் ஒட்டியது என்று கைடு பல மாநாடுகளில் பேசியிருந்தார். அவர் அறைச் சுவரில் அந்தக் கோட்டின் படத்தைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு மாட்டியிருந்தார். நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. என் பாஸ்படேஸை ஊற்றினால் பாஸ்பேட் கழன்று மேல் கோடு கீழே இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் ஷமீமாவின் ஆராய்ச்சிக் கட்டுரை முடிந்த மாதிரி.

முதல் குழாயைக் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிஸ்மில்லா சொல்லித்தான் ஃப்ரீசரைத் திறந்தாள். போன் பண்ணுகிறேன் என்றாள். வாரக் கடைசியில் பண்ணினாள். குரலில் கோபம்கூட இல்லை, ஏதோ சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வதுபோல இருந்தது. “அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க என்சைம் வழியிலயே மவுத்தாயிடுச்சு போலருக்கு.”

எங்கள் பக்கம்

கம்பெனிக்குப் போன் பண்ணினேன். என்சைம் வேலை செய்யவில்லை என்று கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். பெங்களூரிலிருந்து ஒரு தம்பி பேசினார், ரொம்ப மரியாதையாக. பார்சல் வந்தபோது ஐஸ் இருந்ததா? இருந்தது. கூடவே வந்த மாங்கனீஸ் கரைசலைச் சேர்த்தார்களா? சேர்த்தாள். ஃப்ரீசரில் கரண்ட் போனதா? நம்ம ஊரில் கரண்ட் போகாத ஃப்ரீசர் எங்கே இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டிருக்கக் கூடாது. அதைப் பிடித்துக்கொண்டார்.

சண்டை போட்டு மாற்றுக் குழாய் வாங்கினேன். அதுவும் கோட்டை இறக்கவில்லை. இன்னொன்று வாங்கினேன், அதை நானே பஸ் மாறாமல் ஆட்டோ வைத்துக் கொண்டுபோனேன். கோடு நின்ற இடத்திலேயே நின்றது. கடைசியாகப் பேசியபோது, இதே தொகுப்பில் வந்த சரக்கு மற்ற எல்லா ஊரிலும் நன்றாக வேலை செய்கிறதே என்றார் தம்பி. அப்படியானால் எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் யோசித்துச் சொன்ன பதில்: “உங்க ஊரு மாதிரி ஊருல நாங்க டெஸ்ட் பண்ணி பாத்ததில்ல மேடம்.”

சார்

கைடு என்னை அறைக்குக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். திட்டவில்லை. சிவப்பு வட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து, இந்தக் கோட்டுக்காகத் தான் எத்தனை ஊர் போய்ப் பேசியிருக்கிறார் என்று சொன்னார். ஷமீமா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளை உட்காரச் சொல்லவில்லை. சரக்கு மோசம், பொண்ணுக்கும் சோதனை செய்கிற கை சுத்தம் போதாது, ரெண்டும் சேர்ந்தால் எப்படி வரும் என்றார்.

வெளியே வந்ததும், தன் உதவித்தொகைக் காலம் முடியப்போகிறது என்று ஷமீமா சொன்னாள். வீட்டில் அத்தா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் வந்து போனால், ‘புள்ள படிப்ப முடிக்கட்டும்’ என்று அவர் சொல்கிற குரல் ஒவ்வொரு தடவையும் சின்னதாகிக்கொண்டே போகிறதாம். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

நான் திரும்ப உள்ளே போய், சார், ஒருவேளை கோடு வேறு ஏதாவது காரணத்தால் மேலே நிற்கலாமா என்று கேட்டேன். விற்கிறவள் கேட்கக் கூடாத கேள்வி. அவர் சிரித்தார். “ஏம்மா, என் கோடு என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியும். அதுக்கு ஒத்து வர்ற மாதிரி ஒரு என்சைம் கொண்டாந்து குடுங்க.”

மஞ்சள்

என்சைம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நிறமே இல்லாத ஒரு மருந்து இருக்கிறது. அதிலும் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டிருக்கும். பாஸ்படேஸ் அதைக் கழற்றினால் கரைசல் மஞ்சளாக மாறும். முதலாளியிடம் கேட்டு ஒரு சின்ன புட்டி எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை போனேன். ஷமீமா தொழுதுவிட்டு வந்தாள். வேறு யாரும் இல்லை. இரண்டு குழாயில் மருந்தை விட்டாள். ஒன்றில் மட்டும், கோட்டை இறக்காத அந்த என்சைமைச் சேர்த்தாள். இரண்டையும் இளஞ்சூட்டில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தோம்.

எனக்கு என்ன ஆசை என்று சொல்லத் தேவையில்லை. என் சரக்கு நல்ல சரக்கு என்று ஒரே ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். எடுத்துப் பார்த்தபோது ஒரு குழாய் அப்படியே தெளிவாக இருந்தது. இன்னொன்று மஞ்சள். மங்கலாக இல்லை, செவ்வந்திப்பூ மஞ்சள். ஐஸும் உப்பும் ஆட்டோவும் வீண்போகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையைத் தட்டியிருப்பேன், ஆனால் அவள் முகத்தில் சிரிப்பில்லை.

அவள் இன்னொன்றும் செய்து பார்த்தாள். பாலில் இருக்கும் புரதம் ஒன்றில் பாஸ்பேட் இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. நெல் சாற்றில் ஏதாவது என்சைமைத் தடுக்கிறதா என்று பார்க்க, அதைத் தன் நெல் சாற்றிலேயே கலந்து, அதே என்சைமை விட்டு ஜெல்லில் ஓட்டினாள். முடிவைப் பார்க்க நான் மறுநாளும் போனேன். பால் புரதத்தின் கோடு அழகாக இறங்கியிருந்தது. நெல்லின் மேல் கோடு அசையவில்லை. அப்போதுதான் எனக்கே உறைத்தது. என்சைம் நன்றாக இருக்கிறது. கையும் சுத்தம். அந்தக் கோட்டில் பாஸ்பேட் கிடையாது. அது வேறு ஏதோ. சுவரில் மாட்டியிருக்கும் படம் தப்பு. இவள் இத்தனை வருஷம் செய்த வேலை அந்தப் படத்தின் மேல் நிற்கிறது. ஷமீமா மஞ்சள் குழாயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். “செத்ததாவே இருந்திருக்கலாம்க்கா. அப்படின்னா இன்னொண்ணு வாங்கிப் பாக்கலாம்னு ஒரு நெனப்பாவது இருக்கும்.”

ஒரு வார்த்தை

அவள் கைடிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை, அல்லது நம்பினார். எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் ஆராய்ச்சியை மதிப்பிடுகிற குழு கூடும் நாள் நெருங்கியது. அதற்கு முன்னால் கைடு எனக்குப் போன் பண்ணி, என்சைம் வழியில் சூடாகிக் கெட்டிருக்கலாம் என்று குழுவின் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார். சொன்னால் அந்தப் பெண்ணுக்குக் கூடுதலாக ஒரு வருஷம் கிடைக்கும். சொல்லாவிட்டால் கையில் ஒன்றுமில்லாமல் போவாள்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். “அப்படிச் சொன்னா கம்பெனிக்காரன் நம்ம ஏஜென்சிய புடுங்கிடுவான். சொல்லலன்னா அந்தக் காலேஜு நம்ம கிட்ட வாங்காது. நீ எதச் செஞ்சாலும் எனக்கு நஷ்டம்தான், போய்ட்டு வா” என்றார். பஸ்ஸில் போகும்போது முடிவு பண்ணிவிட்டேன். பொய்தான், சொல்லிவிடலாம். ஒரு வருஷம் கிடைத்தால் அவள் வேறு ஏதாவது கண்டுபிடித்துக்கொள்வாள். ஏஜென்சி போனால் போகட்டும், எனக்கு எங்காவது சயின்ஸ் டீச்சர் வேலையாவது கிடைக்கும்.

உள்ளே கூப்பிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் கேட்டார், சரக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று. “வழியில…” என்று ஆரம்பித்தேன். “என்சைம் நல்லாதான் இருந்துது சார்” என்றாள் ஷமீமா. எழுந்து நின்றிருந்தாள். “நான் டெஸ்ட் பண்ணேன். அந்தப் புரதத்துல பாஸ்பேட் இல்ல. அக்கா எனக்காக வேற மாதிரி சொல்ல வந்திருக்காங்க.” பெரியவர் கைடைத் திரும்பிப் பார்த்தார். கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எல்லோரிடமும் வருத்தத்தோடு சொல்கிற மாதிரி சொன்னார்: “நல்ல பொண்ணுதான். சயின்ஸ்தான் இன்னும் வரல.”

பள்ளிக்கூடம்

கூடுதல் வருஷம் கிடைக்கவில்லை. கைடு கையெழுத்துப் போடவில்லை. வேறு கைடு தேடினாள். அடுத்தவர் விட்ட மாணவியை எடுக்க யாரும் முன்வரவில்லை. மேல் கோடு உண்மையில் என்ன என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஆசை இருந்தது. இடம் இல்லை. நாற்றுத் தட்டுகளைக் கழுவி அடுக்கிவைத்துவிட்டு வந்துவிட்டதாக ஒரு செய்தி அனுப்பினாள். பதிலுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், கும்பிடுகிற கை படம் ஒன்றை அனுப்பினேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு பள்ளிக்கு லிட்மஸ் தாளும் சோதனைக் குழாயும் கொடுக்கப் போனபோது அவளைப் பார்த்தேன். பிளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறாள். கல்யாணம் ஆகியிருந்தது, மாப்பிள்ளை துபாயில். இளைத்திருந்தாள். ஸ்டாஃப் ரூமில் டீ கொடுத்தாள். அன்றைக்கு அந்த அறையில் ஏன் சும்மா இருக்கவில்லை என்று கேட்டேன். கேட்டே ஆக வேண்டியிருந்தது. அவள் சாக்பீஸ் படிந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டாள். “அத்தன வருஷத்துல நான் நிச்சயமா தெரிஞ்சுக்கிட்டது அந்த ஒண்ணுதான்க்கா. அதையும் உட்டுக் குடுத்துட்டா, நான் அங்க என்னத்துக்குப் போனேன்?”

புது ஆர்டர்

கல்லூரி எங்களை விடவில்லை. போன மாதம் அதே அறையிலிருந்து ஆர்டர் வந்தது: பாஸ்படேஸ். உப்பும் ஐஸும் போட்டு எடுத்துப் போனேன். சிவப்பு வட்டப் படம் புதுச் சட்டத்துக்குள் இருந்தது. ஷமீமாவின் மேஜையில் வேறொரு பெண். நெய்வேலிப் பக்கம், புதிதாகச் சேர்ந்தவள். தட்டுகளில் பசேலென்று நாற்று.

பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றேன். கைடு அறைக் கதவு மூடியிருந்தது. குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன்: மஞ்சள் நிறம், பால் புரதம், அசையாத கோடு. உனக்கு முன்னால் இருந்தவள் ஒழுங்காகச் செய்து பார்த்துவிட்டாள், வேறு தலைப்பு கேள், இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். அந்தப் பெண் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். “அவுங்க சரியா பண்ணலன்னு சார் சொன்னாரு மேடம். நான் பண்ணிடுவேன்.”

இத்தனை வருஷம் என்சைம் விற்றதில் என் சக பிரதிநிதிகளுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே யோசனை, சரக்கைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், அது என்ன காட்டுகிறது என்று மட்டும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்காதீர்கள் என்பதுதான்.